காது கேட்கிறது, பெயர்தான் கேட்கவில்லை

தாம்பாளத்தை ஓங்கி அடித்தது சரோஜா நங்கையா. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், திருப்பூர் நல்லூரில் எங்கள் வீட்டு ஹாலில், கறிச்சோறு சாப்பிட்ட கையை முந்தானையில் துடைத்த கையோடு, என் மகள் ஹரிணியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். ஒரு கையில் எவர்சில்வர் தாம்பாளம். மறு கையில் குழம்புக் கரண்டி. விட்டார் ஒன்று.

எனக்குப் பல் கூசியது. பக்கத்து வீட்டுத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. எங்கள் வீட்டுக் கீழ்த்தளம்தான் எங்கள் பனியன் யூனிட். ஞாயிறென்றும் பாராமல் அங்கே தைத்துக்கொண்டிருந்த திருநெல்வேலிக்கார டெய்லர் படியேறி ஓடிவந்து, "என்னக்கா, சிலிண்டர் வெடிச்சிட்டா?" என்றார்.

ஹரிணி திரும்பவில்லை. அவளுக்கு அப்போது இரண்டரை வயது. டேபிள் ஃபேனுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, இறக்கை சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காது கேக்கல. முடிஞ்சுது," என்று நங்கையா கரண்டியைக் கீழே வைத்தார்.

சொல்லி வாய் மூடவில்லை. டிவியில் ஒரு சோப்பு விளம்பரத்தின் பாட்டு ஆரம்பித்தது. ஹரிணி எழுந்தாள். வழியில் நின்ற அத்தையின் முழங்காலை ஒரு நாற்காலியைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டு, டிவிக்கு முன் போய் நின்று, விளம்பரம் முழுவதையும் பார்த்தாள். முடிந்ததும் ஃபேனிடம் திரும்பினாள்.

நங்கையா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப காது நல்லாத்தான் கேக்குது. திமிரு அம்மிணி, திமிரு. உன்னையாட்டவே," என்றார் என்னிடம்.

என் மகளுக்குக் கிடைத்த முதல் மருத்துவ அறிக்கை அதுதான்.

ஊரெல்லாம் டாக்டர்

குழந்தை பேசவில்லை என்றால் பெற்றவளைத் தவிர எல்லோருக்கும் காரணம் தெரிந்திருக்கிறது. கலர் செல்போன் எல்லோர் சட்டைப் பையிலும் வந்து உட்கார்ந்த சமயம் அது. ஆளாளுக்கு போன் போட்டுக் காரணம் சொன்னார்கள்.

நாக்கு தடிப்பு என்றார் ஒருவர். நாக்குக்கடியில் நரம்பை வெட்டிவிட்டால் மடமடவென்று பேசுவாள் என்றார் இன்னொருவர். அவர் நாய் வளர்ப்பவர், நாய்க்கு அப்படிச் செய்தாரா என்று தெரியாது. வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவச் சொன்னார்கள். தடவினேன். ஹரிணி என் விரலைக் கடித்தாள். என் குரல்தான் நன்றாகத் திறந்தது.

மூலனூரில் முருங்கை போட்டிருந்த என் அப்பா, பேத்திக்கு வாய் வரவேண்டும் என்று வாரம் ஒரு மூட்டை கீரையும் காயும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். ஹரிணி எதையும் தொடவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் தின்றோம். எங்களுக்குப் பேச்சு ஏற்கெனவே அதிகம்.

கோயிலுக்கு மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டோம். மலையேறினோம், முடி இறக்கினோம். மொட்டையடிக்கும்போது அவள் கத்திய கத்தலில் நாவிதரே, "சாமி, இந்தக் கொழந்தைக்கா வாய் பேச வல்லைங்கறீங்க?" என்று கேட்டார்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பையனாக இருந்தால், "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க" என்று ஆறுதல் சொல்வார்கள். பெண் குழந்தை என்பதால், "வெக்கம். அடக்கமான புள்ள. நல்லதுதானே?" என்றார்கள். இரண்டரை வயதில் யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தால், எங்கள் ஊரில் அதற்குப் பெயர் நல்ல வளர்ப்பு.

ஷிப்மென்ட் முடியட்டும்

என் கணவர் பெயர் செந்தில். பெயரை எழுதினால் அவர் ஆயுள் குறையும் என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். பல வாரமாக இந்தப் பத்திரிகைத் தொடரில் எழுதி வருகிறேன், ஆள் திடமாகத்தான் இருக்கிறார்.

அவரிடம் எதைச் சொன்னாலும் ஒரே பதில். "இந்த ஷிப்மென்ட் முடியட்டும்." கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு குறிப்பிட்ட ஷிப்மென்ட்டைச் சொல்கிறார், அது முடிந்ததும் நாங்கள் ஊட்டிக்குப் போவோம் என்று நம்பியிருந்தேன். திருப்பூரில் ஷிப்மென்ட் முடிவதில்லை. ஒன்று லாரி ஏறும்போது அடுத்ததற்கு பட்டன் வராமல் இருக்கும்.

"ஏனுங்க, டாக்டர்கிட்டக் காட்டீட்டு வந்தர்லாமுங்க."

"காட்டலாம் புள்ள. இது முடியட்டும். நானே நாலு வயசு வரைக்கும் பேசலியாம். இப்ப வெளிநாட்டு பையர்கிட்ட இங்கிலீசே பேசறேன்."

அவர் இங்கிலீஷ் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டால் நாலு வயதுக் கதையை நம்பலாம்.

கடைசியில் ஒரு நாள் நானே ஹரிணியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். முதலில் பார்த்த டாக்டர் வயதானவர். குழந்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். வீட்டில் டிவி ஓடுமா? ஓடும். நீங்களும் கீழே யூனிட்டில் கணக்குப் பார்க்கிறீர்களா? ஆமாம். "அப்பறம் கொழந்தை எப்படிப் பேசும்? நீங்க பேசினாத்தானே?" என்றார். நான் பேசவில்லை என்று என் மேல் சுமத்தப்பட்ட ஒரே குற்றச்சாட்டு அதுதான். வீட்டில் சொன்னபோது செந்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்து காது டெஸ்ட். குழந்தையைத் தூங்கவைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்ப்பார்கள். அதற்கு செந்திலும் வந்தார். ஹரிணிக்குத் தூக்க மருந்து கொடுத்தார்கள். அவள் கண்ணைத் திறந்தபடி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து பெஞ்சில் மருந்தே குடிக்காத செந்தில் குறட்டை விட்டார். மறுபடி கொடுத்த பிறகுதான் அவள் தூங்கினாள். முடிவு வந்தது. காது, பாம்புக்காது.

செந்திலுக்கு ஒரே சந்தோஷம். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். எனக்கு அது இறங்கவில்லை. காது கேட்காவிட்டால் மிஷின் மாட்டலாம். காது கேட்கிறது. என் குரலும் கேட்கிறது. பிறகு ஏன் அவள் திரும்பவில்லை?

விரல்

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தை டாக்டரம்மா புதிதாக வந்திருந்தார். சளிக்குத்தான் ஹரிணியைக் கொண்டுபோனேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடி பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டார். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சளி அப்படியே நின்றது.

"எதையாவது வேணும்னா எப்படிங்க கேப்பா?"

"என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவாளுங்க. பிஸ்கட் டப்பா மேல என் கைய வெப்பா."

"உங்க முகத்தப் பாப்பாளா அப்போ?"

நான் யோசித்தேன். என் கையைத்தான் பார்ப்பாள். கொக்கி வைத்த குச்சியை எடுத்துப் போவதுபோல என் கையை எடுத்துப் போவாள். கையோடு நானும் போவேன்.

"வானத்துல விமானம், ரோட்டுல நாய், அப்படி எதையாச்சும் விரல நீட்டிக் காட்டி, நீங்க பாக்கறீங்களான்னு உங்களத் திரும்பிப் பாப்பாளா?"

எங்கள் தெருவில் விமானம் அரிது, நாய் தாராளம். ஹரிணி ஒரு நாயையும் எனக்குக் காட்டியதில்லை. அப்படிக் காட்டுவது குழந்தைகள் செய்யும் காரியம் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு அதற்குமுன் வேறு குழந்தை இல்லை.

பொம்மைக்குச் சோறூட்டுவாளா, போனைக் காதில் வைத்துப் பேசுவதுபோல் விளையாடுவாளா என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் "இல்லீங்க" என்றேன். கடைசியில் அவர், "இது முடிவில்லீங்க. ஆனா காத்திருக்கவும் வேண்டாம். கோயம்புத்தூர்ல இதுக்குன்னே பாக்கறவங்க இருக்காங்க. ஆட்டிசமான்னு பாத்துச் சொல்லுவாங்க," என்றார்.

நான் அந்த வார்த்தையை நடந்து வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறந்துவிட்டால் நல்லது என்றும் தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் நங்கையா. சொன்னேன்.

"ஆட்டிசமா? அதென்ன கண்ணு, ஆட்டுக்கு வர்ற சீக்கா?"

"இல்லீங்க நங்கையா..."

"ஆட்டுப்பட்டி வெச்சிருக்கற உங்கப்பன் ஊட்டுலதான் ஒட்டியிருக்கும். போன தடவ போயிட்டு வந்தப்பவே நெனச்சேன்."

மூலனூரில் என் அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளாடு. அது திடகாத்திரமாக இருந்தது. ஹரிணியைவிட நன்றாகக் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும்.

செந்தில் கீழிருந்து வந்தார். கேட்டார். முகம் இறுகியது. "சளிக்குப் போனா சளிக்கு மருந்து குடுக்கோணும். அந்தம்மாவுக்கு எதுக்கு நாயி, ஏரோப்ளேன் எல்லாம்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஆனால் அந்த முறை ஷிப்மென்ட் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பொம்மைக்குப் பசிக்கவில்லை

மறு வாரமே கோயம்புத்தூருக்குப் போனோம். செந்திலே கார் ஏற்பாடு செய்திருந்தார்.

நான் நினைத்திருந்த ஆஸ்பத்திரி அறை அல்ல அது. தரையில் பாய், பந்து, கார், சோப்பு நுரை ஊதும் குழல், ஒரு பொம்மை, சின்னச் சின்ன ஸ்பூன்கள். டாக்டர் ஓரமாக உட்கார்ந்துகொள்ள, சுடிதார் போட்ட ஓர் இளம்பெண் தரையில் ஹரிணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாப்பாவுக்குப் பசிக்குதாம். ஊட்டி விடலாமா?"

ஹரிணி ஸ்பூன்களை வாங்கினாள். நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் அடுக்கினாள். ஒன்று கோணலாக இருந்தது, அதை நகர்த்தினாள். பொம்மை பட்டினி.

"பாத்தீங்களா, எத்தன நீட்டா அடுக்கறா!" என்றார் செந்தில் பெருமையாக. எங்கள் யூனிட்டில் அப்படி அடுக்க ஆள் கிடைக்காத கவலை அவருக்கு. அந்தப் பெண் புன்னகைத்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டாள். அவர் பெருமைப்படும் ஒவ்வொரு சமயத்திலும் அவள் எழுதினாள். கொஞ்ச நேரத்தில் அவர் பெருமைப்படுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு டாக்டர் எங்களிடம் கேள்வி கேட்டார். நான் ஒரு பதில் சொன்னால் செந்தில் அதற்கு எதிர்ப்பதில் சொன்னார். மற்ற குழந்தைகளோடு விளையாடுவாளா? மாட்டாள் என்றேன். அந்தப் புள்ளைக வந்தா இவளும் விளையாடுவா என்றார். சத்தத்துக்குக் காதைப் பொத்துவாளா? மிக்ஸிக்குப் பொத்துவாள் என்றேன். மிக்ஸிக்கு நானும்தான் பொத்துவேன் என்றார். டாக்டர் சிரிக்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முன்னாடி செஞ்சுட்டிருந்து, அப்பறம் நிறுத்தின விஷயம் ஏதாவது இருக்குங்களா? ஒரு வார்த்தை, ஒரு பழக்கம்?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க," என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"டாட்டா காட்டுவாளுங்க," என்றார் செந்தில்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு வயசு தாண்டுன புதுசுங்க. காத்தால சாயப்பட்டறை வேலையா வீரபாண்டிக்குப் போறதுக்கு வண்டிய ஸ்டார்ட் பண்ணுனாப் போதும், எங்கிருந்தாலும் தவந்துட்டு வந்து பால்கனிக் கம்பியப் புடிச்சுட்டு நிப்பா. 'ப்பா, ப்பா'ம்பா. கையக் கையக் காட்டுவா. இவ உள்ள டிபன் வேலையா இருப்பா, பாத்திருக்க மாட்டா. அப்பறம் ஒரு நாளு வர்லீங்க. தூங்கறாப்பலன்னு நெனச்சேன். மறுநாளும் வர்ல. ஆரன் அடிச்சுக்கூடப் பாத்தனுங்க. மேல ஃபேனுக்கு முன்னாடிதான் உக்காந்திருந்தா."

"அப்பறம்?"

"அப்பறம் ஊட்டு முன்னாடி ஸ்டார்ட் பண்றதையே உட்டுட்டனுங்க. தெரு முக்கு வரைக்கும் தள்ளிட்டுப் போயி, அங்க ஸ்டார்ட் பண்ணிக்குவேன்."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதை நான் ஜன்னல் வழியாகப் பல நாள் பார்த்திருக்கிறேன். குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று அவ்வளவு அக்கறை என்று நினைத்து, என் அம்மாவிடம் போனில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஹரிணி சோப்பு நுரையைப் பார்த்து ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். செந்தில் கைக்குட்டையைத் தேடினார். அவரிடம் எப்போதும் இருப்பது வெட்டிய பனியன் துணிதான். அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. ஆட்டிசம்தான் என்றார். நீங்கள் வளர்த்த விதத்தால் வந்ததல்ல என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுங்கள், சட்டம் போட்டு மாட்டி வைக்கிறேன் என்று நான் கேட்டேன். அவர் விளையாட்டு என்று நினைத்தார். மாத்திரையால் போவதல்ல, பயிற்சி இருக்கிறது, சின்ன வயதில் ஆரம்பிப்பது நல்லது என்றார்.

"சரியாயிருமுங்களா?" என்று செந்தில் கேட்டார்.

"மாறுவா. எவ்வளவுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. அவ உங்ககிட்ட வரலைன்னா, நீங்க அவகிட்டப் போகலாம். எப்படிப் போறதுன்னு நாங்க சொல்லித் தர்றோம்."

திரும்பி வரும் வழியில் சூலூர் தாண்டியதும் செந்தில் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கி ஒரு புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். வந்து உட்கார்ந்து, "இனி மத்தியானத்துக்கு மேல யூனிட்ட நீ பாத்துக்க. பயிற்சிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

இடையில் ஒரு பதில்

ஹரிணி இப்போது என்ன செய்கிறாள் என்று வாசகர்கள் கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறாள். பேசுகிறாள், மூன்று நான்கு சொற்களில். அந்த மூன்று நான்கு சொற்களில் பாதி என்னைக் குறை சொல்பவை. கீழே யூனிட்டில் மதியம் வரை பனியன் மடித்துக் கவரில் போடுகிறாள். அலுப்பு வந்தால் யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறாள், முதலாளி மகள் என்பதற்கு அது ஒன்றே சாட்சி. எல்லாம் ஒரே ராத்திரியில் நடந்துவிடவில்லை. தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து செந்திலின் இரண்டு முழங்காலும் போயின.

தாய்மாமன் சொன்னது

இனி நங்கையாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மகள் ராதிகாவுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டிசம் ஆட்டுச் சீக்கல்ல என்று புரிந்த அன்றே அவருக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது.

"வெளிய சொல்லிப்போடாதீங்க. ரத்தத்துல இருக்குதுன்னு ஒறம்பரை, சொந்தபந்தம் மத்தியில பேச்சு வரும். என்ற புள்ளைக்கு எடம் அமையாது."

அவரைத் திட்டவும் முடியவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான் பேசுவார்கள்.

வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருந்த குடும்பம் ராதிகாவைப் பார்க்க வருவதாக முடிவானது. முந்தின நாள் நங்கையா வந்தார். "நீங்க ரெண்டு பேரும் நேரத்தோட வந்திருங்க. ஹரிணிய கீழ டெய்லர் ஆர்கிட்டயாச்சும் உட்டுட்டு வாங்க சாமி. ஒரு மணி நேரந்தான்."

செந்தில் ஹரிணியோடு தரையில் உட்கார்ந்து மரக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ற புள்ள வர்லீன்னா தாய்மாமனும் வர்லீங்க்கா."

தாய்மாமன் இல்லாமல் எங்கள் வீடுகளில் ஒரு தேங்காய்கூட உடையாது. நங்கையா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். நங்கையாவின் சொல்லுக்கு மறுசொல் சொல்லி எங்கள் வீட்டில் நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மறுநாள் நங்கையா வீட்டுக்கு மூன்று பேரும் போனோம். மாப்பிள்ளையின் அம்மா வாட்டசாட்டமான மனுஷி, கழுத்தில் வடம்போல் சங்கிலி. உள்ளே வந்ததும் ஹரிணியைப் பார்த்துவிட்டார்.

"பேரென்ன கண்ணு?"

ஹரிணி வாசலுக்குப் போய்விட்டாள்.

"தூக்கக் கலக்கமுங்க," என்றார் நங்கையா.

"தங்கம், பேரு சொல்லுங்க பாக்கலாம்!"

"வெக்கமுங்க. அவளுக்கு வெக்கம் சாஸ்தி."

வெட்கக்காரி அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை எல்லாம் எடுத்து, ஜோடியைப் பற்றிக் கவலைப்படாமல், பெரிதிலிருந்து சிறிதாக வாசல் நடையில் வரிசை வைக்க ஆரம்பித்திருந்தாள். ராதிகா காபித் தட்டோடு வந்து பாதியில் நின்றாள். எல்லோரும் செருப்பு வரிசையைப் பார்த்தார்கள். நங்கையா கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார்.

"ஆட்டிசமுங்க," என்றார் செந்தில். சாதாரணமாக, யூனிட்டில் துணியின் ரகம் சொல்வதுபோல் சொன்னார். "கூப்புட்டாத் திரும்ப மாட்டா. பேச்சு இன்னும் வர்ல. பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறமுங்க."

நங்கையா சுவரில் சாய்ந்துகொண்டார். (பதற வேண்டாம், அந்த இடமே அமைந்தது. ராதிகாவுக்கு இப்போது இரண்டு பையன்கள்.) மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். தன் கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"எந்த டாக்டருங்க பாக்கறது?" என்று கேட்டார் அந்த அம்மா. குரல் இறங்கிவிட்டிருந்தது. "எங்க பெரியவனோட பையனுங்க. மூணு வயசாகுது. ஒரு வார்த்த வர்ல. ஆருகிட்டப் போறதுன்னு தெரியாம இருக்கறமுங்க. இன்னிக்குக் கூட்டிட்டு வர்லீங்க. பொண்ணு பாக்கற எடத்துல எதுக்குன்னு, வேலக்காரப் புள்ளகிட்ட உட்டுட்டு வந்துட்டமுங்க."

செந்தில் வாயைத் திறப்பதற்குள் நங்கையா சுவரை விட்டு நிமிர்ந்தார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னும் சம்பந்தியாகாத சம்பந்தியைப் பார்த்து அதட்டினார்.

"அதெப்படீங்க கொழந்தைய அப்படி உட்டுட்டு வருவீங்க? கூட்டிட்டு வந்திருக்கோணுமில்லீங்க!"